இளநீர் ஆகாதவர்கள்

புரட்டாசியில் நகரி சாலையில் பட்டினியாக நடந்துபோவது சிரமம். சென்னையிலிருந்து மஞ்சள் துணி கட்டிக்கொண்டு திருப்பதிக்கு நடக்கிறவர்கள் திருவள்ளூர், திருத்தணி தாண்டி எங்கள் ஊர் வழியாகத்தான் புத்தூருக்குப் போவார்கள். அவர்களுக்காகக் கூப்பிடு தூரத்துக்கு ஒரு சாமியானா. தொன்னையில் பொங்கல், புளியோதரை, தக்காளி சாதம், அண்டாவில் நீர்மோர், கொப்புளம் போட்ட காலுக்கு மருந்து தடவிவிட ஒரு பையன். "வாங்க சாமி, சாப்ட்டுப் போங்க சாமி" என்று கையைப் பிடித்து இழுக்காத குறை. ஆடிக் கிருத்திகைக்குக் கூட்டம் எதிர்த்திசையில் திரும்பி, காவடியோடு திருத்தணிக்குப் போகும். இந்தப் பக்கம் முருகன் மலை, அந்தப் பக்கம் பெருமாள் மலை. நடுவில் உட்கார்ந்திருக்கிற ஊருக்குப் போட்டுப் பழகிய கை.

அதே சாலையில் வாரத்துக்கு மூன்று நாள், பன்னிரண்டு மாதமும் போய்வருகிற வேறொரு கூட்டம் இருக்கிறது. விடிகாலை ஆர்டிசி பஸ்ஸில் ஜன்னலோரம் பார்த்து உட்காருவார்கள். மடியில் ஒரு துணிப்பை. பைக்குள் ஒரு கம்பளி, ஒரு டிபன் டப்பா, பிளாஸ்டிக் உறையில் மடித்த காகிதங்கள். எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை. அதை மடக்கினால் முன்கையில் கயிறு மாதிரி புடைத்த ரத்தக்குழாய் தெரியும். கிட்னி போனவர்கள், டயாலிசிஸுக்குப் போகிறார்கள். என் சித்தப்பா அவர்களில் ஒருவர்.

முப்பது வருஷம் விசைத்தறி ஓட்டியவர். பிரஷரை அவர் ஒரு நோயாகவே கணக்கில் எடுக்கவில்லை. தறிச் சத்தத்தில் தலைவலி யாருக்குத்தான் இல்லை? கால் வீங்கி, சோற்றைக் கண்டால் குமட்டி, கடைசியில் கிரியேட்டினின் பார்த்தபோது இரண்டு கிட்னியும் சுருங்கிவிட்டிருந்தன. ஆறு வருஷம் ஆகிறது. பெரும்பாலும் அவர் மகன் கூடப் போவான். அவனுக்கு லீவு கிடைக்காத நாளில் நான். மாதம் இரண்டு முறை, மிஞ்சினால் மூன்று. இதை எழுத எனக்குள்ள தகுதி அவ்வளவே.

மிஷின் நான்கு மணி நேரம் ஓடும். ரத்தம் ஒரு குழாயில் வெளியே வந்து, முடி போல மெல்லிய இழைகள் நெருக்கி அடுக்கிய ஒரு உருளைக்குள் புகுந்து, கழிவை விட்டுவிட்டு, இன்னொரு குழாயில் உடம்புக்குத் திரும்பும். முதல் நாள் அந்த உருளையைப் பார்த்ததும் சித்தப்பா கேட்ட முதல் கேள்வி: "இதுல எத்தினி இழை?" டெக்னீஷியன் பையன் சிரித்துவிட்டு, பத்தாயிரம் இருக்கும் என்றானாம். "நல்ல நெருக்கம்" என்றாராம் சித்தப்பா. அந்த இழைகளுக்கு வெளியே சுத்திகரித்த தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், நிமிஷத்துக்கு அரை லிட்டர். நான்கு மணி நேரத்துக்கு 120 லிட்டர். பக்கத்தில் படுத்திருக்கிற மனிதருக்கு ஒரு நாள் முழுவதற்கும் டாக்டர் அனுமதித்திருப்பது காபி, ரசம், மோர் எல்லாம் சேர்த்து முக்கால் லிட்டர். சிறுநீர் நின்றுபோன உடம்பில் குடித்தது குடித்தபடி தங்கும். காலில் இறங்கும், பிறகு நுரையீரலில் ஏறும். "நமக்கு மூணு டம்ளரு, இதுக்கு ஆறு கொடம்" என்பார். கோடையில் நாக்கு ஒட்டிக்கொண்டால் ஒரே ஒரு ஐஸ் கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு, அது தீரும்வரை யாரோடும் பேசமாட்டார்.

முன்கையில் தமனியையும் சிரையையும் இணைத்துத் தைத்த இடத்துக்கு ஃபிஸ்டுலா என்று பேர். அதன் மேல் விரலை வைத்தால் உள்ளே குறுகுறுவென்று ஓர் அதிர்வு தெரியும். அந்த அதிர்வு இருக்கிறவரை ஊசி குத்தலாம், மிஷினில் போடலாம். நின்றுவிட்டால் மறுபடி ஆபரேஷன். ராத்திரி அந்தக் கையைத் தலைக்கு அடியில் வைத்துப் படுத்தால் காதில் கேட்கும். தறிக்காரரும் தறியே தெரியாதவரும் கலந்த எங்கள் வார்டில், காலையில் ஒருவரை ஒருவர் பார்த்ததும் கேட்பது சௌக்கியமா என்று அல்ல. "தறி ஓடுதா?"

அந்த வார்டில் எட்டுப் படுக்கை. திங்கள், புதன், வெள்ளி காலை ஷிஃப்டில் எட்டுப் பேர். ஒரு ரிட்டயர்டு பஸ் கண்டக்டர், வடமாலப்பேட்டைப் பக்கத்து வாத்தியார், புத்தூருக்கு அந்தாண்டை மாந்தோப்பு வைத்திருக்கிற ரெட்டி, இட்லிக் கடை அம்மா, நாராயணவனத்திலிருந்து வருகிற, பி.காம். முடித்த பெண், இன்னும் இரண்டு பேர், சித்தப்பா. பாதிப் பேருக்குத் தமிழ், பாதிப் பேருக்குத் தெலுங்கு. நர்ஸ் "பருவு எந்த?" என்று எடையைக் கேட்பாள்; பதில் தமிழில் போகும். மங்கலங்கிழாரும் ம.பொ.சி.யும் போராடியதில் திருத்தணி 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நகரியும் புத்தூரும் சித்தூரும் இந்த ஆந்திரப் பக்கமே நின்றுவிட்டன. பிறகு 2022 ஏப்ரலில் மாவட்டத்தைப் பிரித்தபோது புத்தூர் திருப்பதி மாவட்டத்துக்குப் போயிற்று, நகரி சித்தூரிலேயே தங்கிற்று. ஏப்ரல் மாதத்தில் கோடு கிழிப்பது எங்கள் பக்கத்து வழக்கம் போலிருக்கிறது. கிட்னி எந்தக் கோட்டையும் பார்த்துக் கெடுவதில்லை என்பதால் வார்டில் இதைப் பற்றிப் பேச்சு வந்ததில்லை.

நம் ஊரில் நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போகிற வழக்கம் இல்லை. ஹார்லிக்ஸ், சாத்துக்குடி, வாழைப்பழம். கொஞ்சம் மதிப்பான உறவு என்றால் இளநீர், அதுவும் ஒரு குலையாக. உடம்புக்குக் குளிர்ச்சி, ரத்தத்துக்கு சுத்தம் என்பது நம் நம்பிக்கை. கிட்னி போனவருக்கு இளநீர் ஆகாது. அதில் இருக்கிற பொட்டாசியம் வெளியேற வழியில்லாமல் ரத்தத்தில் ஏறினால் இதயம் துடிப்பைத் தவறவிடும், நின்றும் போகும். சாத்துக்குடி, வாழைப்பழம், தக்காளி எல்லாமே அந்தக் கணக்கில்தான். காய்கறியைக்கூட நறுக்கி ஊறவைத்து, வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் சித்தி தாளிக்கிறாள். முதல் மாதம் எங்கள் வீட்டுக்கு அன்போடு வந்து இறங்கிய இளநீரையெல்லாம் சித்தப்பா குடித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இருந்திருக்காது.

தலைவர்கள் பிறந்தநாளைக்கு ஆஸ்பத்திரியில் பழமும் ரொட்டியும் கொடுப்பது ஆந்திராவிலும் உண்டு, தமிழ்நாட்டிலும் உண்டு. கட்சி வேறுபாடு இல்லாத சில காரியங்களில் அது ஒன்று. டயாலிசிஸ் வார்டுக்கும் வருவார்கள். ஒரு கையில் இரண்டு ஊசி குத்தியிருக்க, மிச்சமிருக்கும் கையில் வாழைப்பழத்தை வாங்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். போட்டோ எடுக்கும்வரை இறக்கக் கூடாது. எட்டுப் பேரும் பிடித்துக்கொள்வார்கள். அவர்கள் போன பிறகு பழமெல்லாம் ஆயாவின் முந்தானைக்குப் போகும். அவளுக்கு மூன்று பிள்ளைகள். போட்டோவில் தெரிகிறவர்களுக்கு இல்லையென்றாலும் யாருக்கோ அது போய்ச் சேர்கிறது. அந்த மட்டில் எனக்குக் குறையில்லை.

இதைவிட நல்ல மனசோடு வந்தவர் ஒரு வியாபாரி. அப்பா நினைவாக ஏதாவது செய்ய வேண்டும் என்று வார்டுக்கே நேரில் வந்து, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். அப்படிக் கேட்டவர் அதுவரை யாருமில்லை. கண்டக்டர் கணக்குப் போட்டுச் சொன்னார்: மிஷினிலிருந்து இறங்கினால் பிரஷர் தாழ்ந்து கண் இருட்டும், பஸ் ஸ்டாண்டுக்கு நடக்க முடியாது, எட்டுப் பேருக்கும் சேர்த்து வெள்ளி, திங்கள், புதன் ஆட்டோ வைத்தால் மாதம் இவ்வளவு ஆகும், ஒரு வருஷத்துக்குக் கொடுத்தால் புண்ணியமாகப் போகும். வியாபாரி பொறுமையாகக் கேட்டார். பிறகு, "அது செலவு மாதிரி இருக்கே சார். ஏதாவது பொருளா சொல்லுங்களேன்" என்றார். அடுத்த வாரம் ஒரு சக்கர நாற்காலி வந்தது. முதுகில் அப்பாவின் பெயர், பிறந்த தேதி, மறைந்த தேதி. எட்டுப் பேரும் நடக்கிறவர்கள் என்பதால் அது மூலையில் நிற்கிறது. கம்பளிகளை அதன் மேல் போடுகிறோம்.

"செலவு மாதிரி இருக்கே" என்ற அந்தச் சொல் என்னை விடவில்லை. அவர் கஞ்சர் இல்லை. அந்த நாற்காலியின் விலை ஆட்டோக் கணக்கில் பாதிக்கு வரும். அவருக்கு ஒரு முறை கொடுத்து முடிக்க வேண்டியிருந்தது. நம்மில் பெரும்பாலோருக்கு அப்படித்தான். பக்கத்தில் இருக்கிற புத்தூர்க் கட்டையே பாருங்கள். ராசபாளையத்து ராஜு குடும்பம் 1881-லிருந்து எலும்புக்குக் கட்டுப் போடுகிறது. தமிழ்நாட்டின் எந்த மூலையிலும் புத்தூர்க் கட்டு என்று போர்டு தொங்கும். எலும்பு முறிவு கொடுத்துவைத்த வியாதி. விழுந்தான், கட்டினார்கள், எழுந்தான். உதவி செய்தவனுக்குச் சொல்லிக்கொள்ள ஒரு கதை இருக்கிறது, கதைக்கு முடிவும் இருக்கிறது. இதய ஆபரேஷனும் அப்படி, குழந்தைக்கு என்றால் இன்னும் விசேஷம். வெள்ளிக்கிழமை சுத்தமான ரத்தம் ஞாயிற்றுக்கிழமை ராத்திரிக்குள் அழுக்காகி, திங்கட்கிழமை மறுபடி அதே படுக்கையில் வந்து படுக்கிறவனுக்கு என்ன கதை சொல்ல முடியும்? போன வருஷம் உதவினோமே, இன்னுமா இவருக்குச் சரியாகவில்லை என்று எங்கள் சொந்தத்திலேயே ஒருவர் கேட்டார்.

பழைய காலத்துக்காரர்களுக்கு இந்தச் 'செலவு' புரிந்திருந்தது. கோயிலில் ஒரு நுந்தா விளக்கு அணையாமல் எரிய வேண்டும் என்று நினைத்த சோழர் காலத்துத் தர்மவான் நெய்க்குடத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டு நகரவில்லை. ஆடுகளைக் கொடுத்தான். தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு விளக்குக்கு 96 ஆடு. இடையன் ஆடுகளை வைத்துக்கொண்டு நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். கிழடு செத்தால் குட்டி அந்த இடத்துக்கு வரும். எண்ணிக்கை மட்டும் குறையக் கூடாது. சாவா மூவாப் பேராடு என்று கல்லில் வெட்டி வைத்தார்கள். சாகாத, மூப்படையாத ஆடு எங்கே இருக்கிறது? தர்மம் பண்ணுகிறவன் மறந்தாலும், செத்தாலும், நாளைக்கும் நெய் வர வேண்டும் என்ற கவலைதான் அந்தச் சொல்லில் இருக்கிறது.

காஞ்சிபுரம் பக்கம் திருமுக்கூடலில் வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டு, 1068-ஐ ஒட்டியது. அதில் ஓர் ஆதுலர் சாலை வருகிறது. வேதம் படிக்கிற பிள்ளைகளுக்கும் கோயில் வேலைக்காரர்களுக்கும் பதினைந்து படுக்கை. வைத்தியர், சல்லியம் பார்க்கிறவர், மருந்தும் விறகும் கொண்டுவர ஆள், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள். அவரவருக்கு எவ்வளவு நெல், எவ்வளவு காசு. வைத்திருக்க வேண்டிய மருந்துகளின் பட்டியல். ராத்திரி எரிய ஒரு விளக்கு. விறகு சுமப்பவனின் கூலியைக் கல்லில் வெட்டிய அந்த மனசுக்கு ஆட்டோ வாடகை ஒரு பொருட்டாக இருந்திருக்காது. வடலூரில் வள்ளலார் 1867 மே 23-ல் மூட்டிய அடுப்பை இன்றுவரை அணைய விடாமல் வைத்திருப்பதும் அதே வழிதான். பசி நாள்பட்ட வியாதி என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

திருமலையும் இந்த வித்தையை அறியாத இடம் அல்ல. 1985-ல் என்.டி. ராமாராவ் தொடங்கிவைத்த நித்திய அன்னதானம் நன்கொடையை வங்கியில் போட்டு வட்டியில் சோறு போடுகிற ஏற்பாடு. சாவா மூவாப் பேராட்டின் பேரப்பிள்ளை. கீழே திருப்பதியில் தேவஸ்தானம் நடத்துகிற ஆஸ்பத்திரிகளும், ஏழைகளின் இதயம், கிட்னி, மூளை வைத்தியத்துக்கான பிராணதானமும் உண்டு. ஆயிரக்கணக்கானவர்கள் பிழைத்திருக்கிறார்கள். நன்கொடைக்குத் தக்கபடி தரிசனச் சலுகை, தங்க அறை, லட்டு. ஒரு நாள் முழுவதற்கும் அன்னப்பிரசாதம் போட 44 லட்சம் கொடுத்தால் அன்றைக்கு உங்கள் பெயர் சாப்பாட்டுக் கூடத்தில் பலகையில் வரும். ஸ்ரீவாணி அறக்கட்டளைக்கு 10,000 கொடுத்தால் பிரேக் தரிசன டிக்கெட்டுக்கு வழி. அதைக் குறை சொல்லும் இடத்தில் நான் இல்லை. சித்தப்பாவுக்கு உடம்பு சரியாகட்டும் என்று முடி கொடுத்தவன் நானும்தான். என் முடிக்கு என்ன கேட்டேன் என்பதை மறந்துவிட்டு, அடுத்தவர் நன்கொடைக்கு என்ன கேட்டார் என்று பேசுவது எளிது.

எழுபது வருஷத்துக்கு முன் கிட்னி போனால் போனதுதான். 1960-ல் அமெரிக்காவின் சியாட்டிலில் ஸ்க்ரிப்னர் என்ற டாக்டர் கையில் நிரந்தரமாக இருக்கும் டெஃப்லான் குழாய் ஒன்றை வைத்து, ஒரே ஆளுக்குத் திரும்பத் திரும்ப டயாலிசிஸ் செய்ய வழி கண்டார். சாகடிக்கிற நோய் சாகடிக்காத நோயானது. உடனே வேறு சங்கடம் வந்தது. மிஷின் கொஞ்சம், ஆட்கள் நிறைய. யாருக்குக் கொடுப்பது? ஊரார் ஏழு பேரைக் குழுவாகப் போட்டார்கள். ஒரு வக்கீல், ஒரு பாதிரியார், ஒரு வங்கிக்காரர், ஓர் இல்லத்தரசி, இப்படி. மனுப் போட்டவரின் சம்பாத்தியம், பிள்ளைகள், படிப்பு, சர்ச்சுக்குப் போகிறாரா என்பதெல்லாம் எடைபோடப்பட்டன. நல்லவர்கள்தான், இரவெல்லாம் தூக்கமில்லாமல் முடிவு செய்திருப்பார்கள். 1962-ல் லைஃப் பத்திரிகை இதை எழுதியபோது அமெரிக்கா அதிர்ந்தது. கடைசியில் நோயாளிகளே சங்கம் கட்டினார்கள். 1971-ல் ஷெப் கிளேசர் என்பவர் நாடாளுமன்றக் குழு ஒன்றின் முன்னால், பேசிக்கொண்டே, மிஷினைப் போட்டுக் காட்டினார். அடுத்த வருஷமே சட்டம் வந்தது. டயாலிசிஸ் செலவில் பெரும்பங்கு அரசாங்கத்துடையது. யார் நல்லவர் என்று பார்க்கும் வேலை அதோடு ஓய்ந்தது.

எங்கள் பக்கம் அந்த வேலை ஓய்ந்தது 2007-ல், ராஜசேகர ரெட்டி ஆரோக்யஸ்ரீ கொண்டுவந்தபோது. ஆட்சி மாறினால் திட்டத்தின் பெயர் மாறும்: ராஜீவ், என்.டி.ஆர்., ஒய்.எஸ்.ஆர்., மறுபடி என்.டி.ஆர். அட்டையில் படமும் மாறும். வார்டில் எல்லாரும் ஆரோக்யஸ்ரீ என்றே சொல்கிறார்கள். பேரை மாற்றிச் சொன்னால் நர்ஸுக்குப் புரிவதில்லை. 2019-லிருந்து டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்கு மாதம் 10,000 ரூபாய் பென்ஷன். ஒன்றாம் தேதி வீட்டு வாசலில். அதன் பெயரும் இரண்டு மூன்று முறை மாறிவிட்டது. தேதி மாறவில்லை.

குறை இல்லாமல் இல்லை. ரயிலில் டயாலிசிஸுக்குப் போகிறவருக்கும் துணைக்கு வருகிறவருக்கும் டிக்கெட்டில் 75 சதவீதம் சலுகை உண்டு. சான்றிதழ் வாங்கி, ஏகாம்பரகுப்பம் ஸ்டேஷனில் காட்டி, பாசஞ்சர் டிக்கெட் எடுத்தால் மிச்சமாகிற காசு ஒரு டீக்குக் காணும். டீயும் அவருக்கு அளவுதான். 2025 ஆகஸ்ட் 15 முதல் ஆந்திராவில் பெண்களுக்கு ஆர்டிசி பஸ் இலவசம். சித்தி துணைக்கு வந்தால் அவளுக்குச் சும்மா, நோயாளிக்கு டிக்கெட். "உனக்குத்தான் வியாதின்னு எழுதிக்கலாமா?" என்று சித்தியைக் கேட்டார் சித்தப்பா.

ஆனால் ஒரு காரியத்தைக் கவனித்தேன். அந்த எட்டுப் பேருக்கும் ஒரு டப்பா இருக்கிறது. பழைய பிரிட்டானியா பிஸ்கட் தகர டப்பா, கண்டக்டரிடம். கூட ஒரு நாற்பது பக்க நோட்டு. மாதம் பிறந்தால் முதல் ஷிஃப்டில் ஆளுக்கு ஐம்பது போடுவார்கள். இட்லிக்கடை அம்மாவுக்கு இருபது. சங்கம் இல்லை, பெயர் இல்லை, பதிவு இல்லை. யாருக்குக் கண் இருட்டுகிறதோ அவருக்கு அன்றைய ஆட்டோ அதிலிருந்து. மழையில் வேலை போன வாரம் யாருக்காவது பஸ் சார்ஜ் இல்லையென்றால் அதிலிருந்து. மிஷினுக்கு வராமல் ஒரு நாள் தவறினால் ஃபோன் செய்து விசாரிப்பது பி.காம். பெண்ணின் வேலை. "பைசா இல்லன்னு நின்னுடாதீங்க, டப்பா இருக்குது" என்பாள்.

எப்போது ஆரம்பித்தீர்கள் என்று கண்டக்டரைக் கேட்டேன். பென்ஷன் வந்த இரண்டாம் மாதம் என்றார். அதற்கு முன்? "அதுக்கு முன்ன எல்லாரும் வாங்கறவங்க. அடுத்த மாசம் யாரு குடுப்பாங்கன்னு தெரியாது. கையில இருக்கறத எப்படி சார் எடுத்துக் குடுப்பான்?" நான் இதை வேறு மாதிரி நினைத்திருந்தேன். கஷ்டம் மனிதர்களை ஒன்று சேர்க்கும், ஒருவருக்கொருவர் கொடுக்கவைக்கும் என்று நாமெல்லாம் எழுதிக்கொண்டிருக்கிறோம். கஷ்டம் அவர்களைப் பக்கத்துப் பக்கத்துப் படுக்கையில் போட்டதோடு சரி. கொடுக்கவைத்தது ஒன்றாம் தேதி. வரும் என்று தெரிந்த பணத்திலிருந்துதான் ஒருவன் எடுத்துக் கொடுக்கிறான். எப்போதோ எதிர்பாராமல் வருகிற பணத்தை, அது எவ்வளவு பெரிதானாலும், இறுக்கி முடிந்துகொள்கிறான்.

நிச்சயமில்லாத வருமானம் என்ன செய்யும் என்று எங்களைப் போன்ற தறி ஊர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2025 ஜூலையில் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்து விசைத்தறித் தொழிலாளர்களிடம், கடனைக் காட்டித் தரகர்கள் கிட்னி வாங்கிய செய்தி வந்தது. தமிழக அரசு விசாரித்து இரண்டு தனியார் ஆஸ்பத்திரிகளின் மாற்று அறுவை உரிமத்தை நிறுத்திவைத்தது. 1994-ஆம் வருஷத்துச் சட்டப்படி கிட்னியை விற்கக் கூடாது. உறவல்லாதவர் பாசத்தால் கொடுக்கலாம். பாசத்துக்குப் பாரம் உண்டு, கையெழுத்து உண்டு. அன்றைக்குப் பேப்பரை சித்தப்பா மிஷினில் படுத்தபடி ஒரு கையால் பிடித்துப் படித்தார். "எனக்குத் தானா போச்சி. அவனுக்கு வட்டியில போச்சி" என்று சொல்லிவிட்டுப் பேப்பரை மடித்து எதிர்ப் படுக்கைக்குக் கொடுத்தார். வார்டில் அதைப் பற்றி அதற்கு மேல் யாரும் பேசவில்லை. மாற்றுக் கிட்னிக்குப் பதிந்து வைத்திருக்கிறவர்கள் அங்கே மூன்று பேர்.

மாம்பழக் காலத்தில் அந்த வார்டைப் பார்க்க வேண்டும். மாம்பழமும் ஆகாததுதான். மாந்தோப்பு ரெட்டிக்குத் தன் தோப்புப் பழத்தைத் தானே தொடக்கூடாத நிலை. ஆனால் இவர்களுக்குள் ஒரு கணக்கு: மிஷின் ஓட ஆரம்பித்த முதல் அரை மணியில் சாப்பிட்டால், ஏறுகிற விஷத்தை மிஷினே இழுத்துவிடும். டாக்டர் ஒப்புக்கொள்ளமாட்டார். ரெட்டி ஒரே ஒரு பழம் கொண்டுவருவார், பங்கனபள்ளி. அவர் மனைவி அதை வீட்டிலேயே எட்டாக நறுக்கி எவர்சில்வர் டப்பாவில் அடைத்திருப்பாள். எல்லாருக்கும் ஊசி குத்தி, எட்டு மிஷினும் ஓட ஆரம்பித்ததும், துணைக்கு வந்தவர்களில் ஒருவர் டப்பாவைத் திறந்து படுக்கை படுக்கையாகப் போவார். நான் போன நாளில் அந்த வேலை எனக்கு வந்தது. ஆளுக்கு ஒரு துண்டு, விரல் நீளம். வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டார். இட்லிக்கடை அம்மா தன் துண்டில் பாதியைக் கடித்துவிட்டு மீதியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நர்ஸ் அந்தப் பத்து நிமிஷமும் ஜன்னல் பக்கம் திரும்பி ரிஜிஸ்டர் எழுதினாள். அவளுக்குக் கொடுக்க ஒன்பதாவது துண்டு இல்லை. கொடுத்தாலும் வாங்கியிருக்கமாட்டாள், வாங்கினால் பார்த்ததாகிவிடும்.

வாத்தியார் படுக்கை ஐப்பசியில் காலியானது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மூச்சு முட்டி, திருப்பதி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. திங்கட்கிழமை காலை "தறி ஓடுதா?" என்று யாரும் கேட்கவில்லை. டப்பாவிலிருந்து இரண்டாயிரம் அவர் வீட்டுக்குப் போனது. புதன்கிழமை அந்தப் படுக்கையில் வேறொருவர் படுத்திருந்தார். நான்கு மாதமாக ராத்திரி ஷிஃப்டில் கண் விழித்துக்கொண்டிருந்த இளைஞன். பகல் இடம் கிடைத்ததில் அவன் முகத்தில் சந்தோஷம், அதைக் காட்டக்கூடாதே என்ற கூச்சமும். அவனை யாரும் தவறாக நினைக்கவில்லை. எல்லாரும் அப்படி ஒரு படுக்கைக்கு வந்தவர்கள்தான். இட்லிக்கடை அம்மா மட்டும், "கம்பளி கொண்டாந்தியாப்பா? இங்க குளுரும்" என்றாள். அவன் கொண்டுவரவில்லை. சக்கர நாற்காலியின் மேல் வாத்தியாருடையது மடித்தபடி இருந்தது.

அந்த நாற்பது பக்க நோட்டை ஒரு நாள் வாங்கிப் புரட்டினேன். ஒவ்வொரு பேருக்கும் ஒரு வரி, மாதத்துக்கு ஒரு கட்டம். இட்லிக்கடை அம்மாவின் வரியில் 20, 20, 20 என்று பக்கம் பக்கமாகப் போகிறது. ஒரே ஒரு மாதம் 10, அடுத்த மாதம் 30. கடைசியில் என் பெயரும் இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு போனஸ் வந்த உற்சாகத்தில் 5,000 கொடுத்திருந்தேன். கொடுத்த அன்று வீடு திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு இருந்த நிறைவு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதற்கப்புறம் கட்டங்கள் காலி. ஒவ்வொரு புதுப் பக்கத்திலும் கண்டக்டர் என் பெயரை மறக்காமல் எழுதி, கட்டம் போட்டு வைத்திருந்தார். சட்டென்று பர்ஸை எடுத்தேன். "இன்னிக்கு வேணாம் சார். ஒன்னாந்தேதி குடுங்க" என்றார்.

சென்ற புரட்டாசியில் ஒரு வெள்ளிக்கிழமை, போகும்போதே புத்தூருக்கு முன்னால் பஸ் ஊர்ந்தது. நடைக்கூட்டம். சாமியானாவிலிருந்து பையன்கள் ஓடிவந்து ஜன்னல் ஜன்னலாக நீர்மோர் நீட்டினார்கள். பெரிய டம்ளர், விளிம்புவரை, ஐஸ் மிதக்க. சித்தப்பா ஜன்னலோரம். அன்று காலையிலிருந்து அவர் குடித்தது கால் டம்ளர் காபி. வேண்டாம் என்று சொல்வார் என்று நான் முந்திக்கொள்ளப் பார்த்தேன். என் கையைத் தள்ளிவிட்டு, "குடு சாமி" என்று இரண்டு கையாலும் வாங்கினார். பையனுக்குப் பதினைந்து வயது இருக்கும். சந்தோஷமாக அடுத்த ஜன்னலுக்கு ஓடினான். சித்தப்பா டம்ளரை முதலில் நெற்றியில் வைத்தார். பிறகு கன்னத்தில், பிறகு கழுத்தில். பஸ் கிளம்பும்வரை அப்படியே பிடித்திருந்துவிட்டு, என்னிடம் நீட்டினார்.

"குடி. சூடாயிடப் போவுது."